மாக்கோழியும் பன்றிப் பொறியும்

உயிரில்லாத பொருளின்மீது அம்பெய்தால் கொலைப்பாவம் சேருமா? கேட்டவுடன் நகைப்புக்கு இடமானதாகத் தோன்றக்கூடிய கேள்வி இது. ஆயினும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர் உண்மையாகவே மனம் கலங்கி இதனைக் கேட்டார். கேள்வி சிறிதாயினும் அதன் வேர் நம் அறத்தின் அடிநிலம் வரை செல்வதால், இவ்விதழின் அன்பர்களோடு சேர்ந்து இதனை ஆராய விழைகிறோம்.

அவர் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் தொழில் புரிபவர். வணிகத்தின் பொருட்டு இங்கிலாந்து சென்றிருந்தபோது, அங்குள்ள கொள்முதலாளர் ஒரு விடுமுறை நாளில் தம் வில்வித்தைக் குழுவினரோடு அவரை ஒரு காட்டுக்கு அழைத்துச் சென்றார். திறந்த வெளியில் வட்டப் பலகையை நிறுத்தி 70 மீட்டர் தொலைவிலிருந்து எய்யும் ஒலிம்பிக் முறை நாம் தொலைக்காட்சியில் காண்பது. இது அதனினும் வேறானது. ‘ஃபீல்டு ஆர்ச்சரி’ என வழங்கும் காட்டு வில்வித்தை இது.

காலையில் அனைவரும் கூடுகின்றனர். வில்லும் நாணும் அம்பும் பழுதின்றி இருக்கின்றனவா என்று பார்க்கப்படுகிறது. பின்னர் நால்வர், ஐவராகப் பிரிந்து ஒற்றையடிப் பாதையில் நடக்கின்றனர். மரங்களுக்கிடையே மேட்டிலும் பள்ளத்திலும் முப்பது நாற்பது இலக்குகள் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இலக்குக்கும் உரிய இடத்தில் முளை அடித்திருப்பர். அங்கு நின்றே எய்ய வேண்டும். தொலைவு எவ்வளவு என்று எவரும் சொல்வதில்லை. கண்ணால் அளந்துகொள்ள வேண்டும். நடுவில் பள்ளம் குறுக்கிட்டால் கண் ஏமாறும். வெயிலும் நிழலும் கலந்து கிடந்தாலும் ஏமாறும். மரபு வழி வில்லாளர் குறிபார்க்கும் கருவி எதனையும் வில்லில் பூட்டுவதில்லை. மரவில், மர அம்பு, பாலியெஸ்டர் நூலால் முறுக்கிய நாண் ஆகியவையே அவர்தம் துணை. இலக்குகளோ ஃபோம் எனப்படும் நுரைப்பொருளில் வார்த்த மான், காட்டுப்பன்றி, கரடி, முயல் ஆகியவற்றின் முழு உருவங்கள்.

அந்நாட்டில் காட்டு விலங்கை வில்லால் கொல்வது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே அங்குக் கூடியவர்கள் வேட்டைக்காரர் அல்லர். அலுவலகத்திலும் கடையிலும் வேலை பார்த்து, விடுமுறையில் மரநிழலில் நடக்க வந்தவர்கள். நம் இளைஞரும் மகிழ்வுடன் நடந்தார். ஒரு திருப்பத்தில், புதரருகே தலை நிமிர்ந்து நின்ற பெண்மான் உருவைக் கண்டதும் அவர் கை தயங்கிற்று. உடனிருந்தோர் ஊக்கப்படுத்தினர். எய்தார். அம்பு மானின் நெஞ்சில் தைத்தது. அனைவரும் கைதட்டினர். எய்ததைக் காட்டிலும் அக்கைதட்டல் கேட்டு மகிழ்ந்த தம் மனமே பின்னர்த் தம்மை உறுத்தியது என்றார் அவர்.

வில் குற்றமுடையதா?

முதலில் வில்லைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். இல்லறத்தாருக்குரிய விரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றி உயிர்களுக்குத் தீங்கு விளைக்கும் செயல்களை விலக்குவது அதன் நோக்கம். கொலைக்கருவிகளைப் பிறருக்கு வழங்குவதும், பிற உயிரின் சாவையும் கேட்டையும் நெஞ்சில் நினைத்துக்கொண்டிருப்பதும் அவ்விரதத்துக்கு மாறானவை. இதனைச் சுட்டி, வில்லைத் தொடுவதே சிராவகருக்குத் தகாது என்பர் சிலர்.

கருவி செல்லும் வழியைக் கொண்டே அதன் குற்றத்தை அளக்க வேண்டும் என்பது நம் கருத்து. பனியன் கம்பெனியில் துணி வெட்டும் எந்திரத்தின் கத்தி எவ்வளவு கூரியது! அதனைக் கொலைக்கருவி என்று எவரும் கூறுவதில்லை. வில்லும் அத்தகையதே. கொங்கு நாட்டை ஆண்ட சேரரின் இலச்சினை வில். அம்மரபில் வந்த இளங்கடுங்கோ என்பான், கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில் செங்காயபன் என்னும் சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டுவித்தான். அங்குள்ள பழந்தமிழ்க் கல்வெட்டு இச்செய்தியை இன்றும் தாங்கி நிற்கிறது. வில்லைக் கொடியில் பொறித்தவர்களே எறும்புக்கும் வழிவிட்டு நடந்தவர்க்கு உறையுள் அமைத்தனர்.

கங்க மன்னரின் படைத்தலைவராக விளங்கிய சாமுண்டராயரே, ஏறத்தாழ 981ஆம் ஆண்டில் சிரவணபெளகொளாவில் பாகுபலி பெருமானின் மாபெரும் திருவுருவை எழுப்புவித்தவர். அப்பாகுபலியின் வரலாறு நம் கேள்விக்கு நேராகவே ஒளி தருகிறது. பரதனுக்கும் பாகுபலிக்கும் பகை மூண்டு இரு படைகளும் எதிர்நின்ற வேளையில், அமைச்சர்கள் இடைபுகுந்து பெருங்கொலையைத் தடுத்தனர். கண்ணோக்குப் போர், நீர்ப்போர், மற்போர் என்னும் மூன்று போட்டிகளால் வெற்றி தோல்வியை முடிவு செய்யலாம் என்றனர். கொலைக்கு மாற்றாக விளையாட்டு வந்தபோது, அவ்விளையாட்டு அறத்தின் பக்கம் நின்றது. ஆதலால் வலிமையும் குறியும் திறமையும் போட்டியும் தம்மளவில் நம் அறத்துக்குப் பகையல்ல.

மாவால் செய்த கோழி

இனி உருவத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். இதற்கு விடை தேடும் தமிழ்ச் சமணர் எவரும் முதலில் யசோதர காவியத்தையே நினைப்பர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூலின் ஆசிரியர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன கதையோ நம் இல்லங்களில் இன்றும் வாழ்கிறது.

அவந்தி நாட்டு மன்னன் யசோதரன் தன் மனத்துயரத்தைத் தீக்கனவு என்று தாய் சந்திரமதியிடம் கூறுகிறான். தீமை நீங்க, தெய்வத்துக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் வற்புறுத்துகிறாள். கொலைக்கு உடன்படாத மன்னன் மறுக்கிறான். தாயின் சொல்லையும் முற்றிலும் தட்ட இயலாமல், மாவினால் கோழி ஒன்று செய்து பலியிடலாம் என்னும் நடுவழிக்கு இணங்குகிறான். மாக்கோழி வெட்டப்படுகிறது. ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. ஆயினும் தாயும் மகனும் அவ்வினையின் பயனாக மயிலும் நாயுமாகத் தொடங்கி, பல விலங்குப் பிறவிகளில் ஒருவரையொருவர் அறியாமல் உழன்றனர் என்கிறது காவியம்.

உயிரைப் போக்குதல் திரவிய இம்சை. போக்க வேண்டும் என்று நெஞ்சம் கொள்ளும் எண்ணம் பாவ இம்சை. பின்னதே முன்னதற்கு வேர். நாள் முழுவதும் வலைவீசி ஒரு மீனும் பெறாத மீனவன் வினையைச் சேர்க்கிறான். உழும்போது தன்னையறியாமல் புழுக்கள் மடிந்தும் உழவன் அவ்வளவு வினையைச் சேர்ப்பதில்லை என்று நம் ஆசாரியர்கள் எடுத்துக்காட்டுவதும் இக்கருத்தையே. மாக்கோழியின் கதையை அறிந்த ஒருவர் ஃபோம் மானின் முன் தயங்கியது இயல்பே. அத்தயக்கத்தை எள்ளி நகையாடுதல் தகாது.

சுழலும் பன்றி

ஆனால் இதே கேள்விக்கு மற்றொரு சான்றும் நம் இலக்கியத்தில் உண்டு. அது எதிர்ப்புறம் நிற்பதுபோல் காணப்படுகிறது. சமண முனிவராகிய திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் சீவகன் ஒப்பற்ற வில்லாளன். கனகமாலையார் இலம்பகத்தில், பிறர் எய்தும் வீழாத மாங்கனியைத் தன் அம்பினால் வீழ்த்துகிறான். மண்மகள் இலம்பகத்தில் அவன் மாமனாகிய கோவிந்த மன்னன், தன் மகள் இலக்கணைக்கு மணமகனைத் தேர்ந்தெடுக்க ஒரு போட்டி வைக்கிறான். சுழலும் பொறி ஒன்றில் பன்றியுருவம் அமைக்கப்படுகிறது. அதனைக் குறிதவறாது எய்பவனுக்கே பெண். மன்னர் பலர் முயன்று தோற்க, சீவகன் எய்து வெல்கிறான்.

இன்று மேலைநாட்டுக் காடுகளில் நிற்கும் பன்றியுருவத்துக்கும் கோவிந்தன் அமைத்த பன்றிப் பொறிக்கும் வடிவில் பெரிய வேற்றுமை இல்லை. துறவியாகிய தேவர் அதனைப் பழிக்கவில்லை. காப்பியத் தலைவனின் பெருமைகளுள் ஒன்றாகவே பாடினார். சாகும் நாயின் செவியில் ஐம்பதமாகிய பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதி அதற்கு நற்கதி தந்தவனும் அதே சீவகன் என்பதை மறத்தலாகாது.

இரண்டும் சமண நூல்கள். இரண்டிலும் உயிரற்ற விலங்குருவம். ஒன்றில் வினை பல பிறவிகளுக்குத் தொடர்கிறது. மற்றொன்றில் மணமுரசு முழங்குகிறது. இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது?

இதனைக் காண எளிய சோதனை ஒன்றைக் கூறுகிறோம். உருவத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். கோவிந்தனின் பொறியில் பன்றிக்கு மாறாக ஒரு மரச்சக்கரம் சுழன்றிருந்தால் அப்போட்டிக்கு என்ன குறை வந்திருக்கும்? எதுவும் இல்லை. கூடிய மன்னர் அனைவரும் நினைத்தது சுழற்சியின் கணத்தை. பன்றியின் சாவை எவரும் நினைக்கவில்லை. மாறாக, யசோதரன் அம்மாவினை உருண்டையாகப் பிடித்து வைத்திருந்தால் சந்திரமதி ஒப்பியிருப்பாளா? ஒருநாளும் ஒப்பியிராள். அங்கே கோழியின் உருவம் இன்றியமையாதது; ஏனெனில் ‘இதனை ஓர் உயிராக ஏற்றுக்கொள்’ என்பதே அச்செயலின் பொருள். கையில் இருந்தது மாவு. நெஞ்சில் இருந்தது கோழி.

நம் இளைஞருக்கும் இச்சோதனையையே கூறினோம். அம்மான் நின்ற இடத்தில் வட்டப் பலகை இருந்திருந்தால், அம்பு தைத்தபோது அதே அளவு மகிழ்ந்திருப்பீரா? ஆம் எனில், நீர் எய்தது குறியை. மகிழ்ச்சி சிறிது குறைந்திருக்கும் எனில், குறைகின்ற அச்சிறிதளவே மாக்கோழி. அதனை அளக்க வல்லவர் உலகில் உம்மைத் தவிர வேறொருவர் இல்லை.

பெயர் செய்யும் வேலை

இவ்விளையாட்டை நடத்தும் அமைப்புகளின் விதிகளைப் பார்த்தால் இவ்வேற்றுமை அங்கும் தெளிவாகத் தெரிகிறது. 1970இல் தோன்றிய பன்னாட்டுக் கள வில்வித்தைச் சங்கத்தின் போட்டிகளில் விலங்குச் சுற்று என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு விலங்குப் படமும் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உள்ளே உள்ளது ‘கொல்லும்’ பகுதி; வெளியே உள்ளது ‘காயப்படுத்தும்’ பகுதி. முதல் அம்பு உட்பகுதியில் பட்டால் 20 புள்ளி, வெளிப்பகுதியில் பட்டால் 18. முதல் அம்பு தவறி இரண்டாவது பட்டால் 16 அல்லது 14. மூன்றாவது பட்டால் 12 அல்லது 10.

உலக வில்வித்தைச் சம்மேளனம் நடத்தும் முப்பரிமாண இலக்குப் போட்டியிலும் விலங்குருவங்களே நிற்கின்றன. ஆனால் அங்கே பகுதிகளுக்குப் பெயர் இல்லை. 11, 10, 8, 5 என எண்கள் மட்டுமே உண்டு. அதே சம்மேளனத்தின் களப் போட்டியில் விலங்குருவமும் இல்லை. காட்டுவழியில் 24 இலக்குகள். ஒவ்வொன்றும் நடுவில் மஞ்சளும் சுற்றிலும் கருப்புமான வட்டம். 1 முதல் 6 வரை புள்ளிகள். மரநிழலும் மேடுபள்ளமும் கண்ணளவையும் அங்கும் உண்டு. இன்பத்தில் குறைவொன்றும் இல்லை.

‘கொன்றாய், 20 புள்ளி’ என்பதற்கும் ‘பத்து’ என்பதற்கும் அம்பைப் பொறுத்தவரை வேற்றுமை இல்லை. நெஞ்சைப் பொறுத்தவரை பெரிது. பெயர் என்பது நெஞ்சுக்குப் பழக்கும் வழி. ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்றதும், பின்னர் வகுப்பறையில் பல்லாண்டு கண்டதும் இதுவே. சிறுவன் கோலைக் குதிரை என்று சொல்லிவிட்டால் அதற்குப் புல் ஊட்டுவான். சிறுமி துணிப்பொம்மையைப் பாப்பா என்று சொல்லிவிட்டால் அதற்குக் குளிரும் என்று போர்த்துவாள். விளையாட்டு குழந்தைக்குப் பொய்யன்று. பின்னாளில் வாழப்போகும் வாழ்க்கையின் ஒத்திகை. பொம்மைக்குப் போர்த்திய கை பின்னர்த் தாயின் கையாகிறது. அங்ஙனமாயின், கொன்றாய் என்று பாராட்டப்பட்ட கையும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் வீடு திரும்பும். விலங்குருவில் செய்த பிஸ்கட்டுகளை நம் வீட்டுப் பெரியோர் குழந்தைகளுக்குத் தர மறுப்பதன் கருத்தும் இதுவே.

ஏறும் படியும் இறங்கும் படியும்

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். ‘உயிருள்ள மானைக் கொல்வதினும் ஃபோம் மானை எய்வது மேலன்றோ? அதனையும் பாவம் என்று சொன்னால் வேட்டையைக் கைவிட்டவர்களையும் நாம் இகழ்ந்தவராக மாட்டோமா?’ என்பது அத்தடை. மிக நேர்மையான தடை இது.

உலகம் இத்துறையில் ஏறி வந்த படிகளை நோக்குவோம். 1900இல் பாரிசில் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த சுடுதல் போட்டியில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர். ஏறத்தாழ 300 பறவைகள் மடிந்தன. பின்னர் ஒலிம்பிக்கில் அக்கொடுமை நடைபெறவில்லை. களிமண் தட்டு அவ்விடத்தைப் பெற்றது. ஆங்கிலத்தில் அத்தட்டை இன்றும் களிமண் புறா என்றே வழங்குகின்றனர். புறாவின் உருவம் அதில் சிறிதும் இல்லை. உயிர் போயிற்று, உருவமும் போயிற்று, பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வில்லாளர்கள் உயரக் கம்பத்தில் வைத்த பறவை உருவங்களை எய்து வீழ்த்தினர். இன்றைய ஒலிம்பிக் வில்லாளர்க்கு வண்ண வட்டமே இலக்கு.

நம் நாட்டிலும் இப்படியேற்றம் நிகழ்ந்துள்ளது. இராசத்தானத்தின் உதயப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம், சிறுவயதில் மூங்கில் வில்லால் காட்டுப் பறவைகளை வேட்டையாடிப் பழகியவர். அரசின் விளையாட்டுப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பறவையை நோக்கிய கண் வட்டத்தை நோக்கத் திரும்பியது அவர் வாழ்வில் பெரியதோர் ஏற்றம்.

ஆகவே படி ஒன்றேயாயினும், ஏறுகின்றவனுக்கு அது ஏற்றம், இறங்குகின்றவனுக்கு இறக்கம். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய குடியில் பிறந்தவர் ஃபோம் மானோடு நின்றால் அவரைக் கைகூப்பி வணங்கலாம். ஆட்டை வெட்டி வந்த இடத்தில் குங்குமம் இட்ட பூசணிக்காயை உடைப்போரும் அத்தகையோரே. ஆயுத பூசையன்று திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களின் வாயிலில் உடையும் பூசணிக்காய்களைப் பழித்துப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் பல தலைமுறையாகக் கொல்லாமையில் ஊன்றி நிற்கும் வீட்டுப் பிள்ளைக்கு மானின் நெஞ்சைக் குறிபார்க்கக் கற்பித்தால், மேல்படியில் நின்றவனை ஒரு படி கீழே இறக்கியதாகும். அவரவர் நிற்கும் படியை நோக்கியே அறம் உரைக்க வேண்டும். அணுவிரதமும் மகாவிரதமும் என நம் ஆசாரியர்கள் அறத்தைப் படிகளாக வகுத்ததன் நுட்பமும் இதுவன்றோ?

அம்பு சென்று நிற்கும் இடம்

யசோதர காவியத்தில் மாக்கோழியைப் பேசுவோர் பலர். அதே கதையின் பிற்பகுதியில் வரும் அம்பைப் பேசுவோர் சிலரே. பல பிறவிகளுக்குப்பின் தாயும் மகனும் உண்மையான கோழிகளாகப் பிறக்கின்றனர். முனிவர் ஒருவரின் அறவுரையைக் கேட்டு நற்காட்சி பெற்று, மகிழ்ச்சியால் கூவுகின்றனர். அவ்வேளையில் சோலையில் அரசியோடு இருந்தவன் யசோமதி, யசோதரனின் மகன். ஒலியைக் கொண்டே குறியை அடிக்கும் தன் திறமையை அரசிக்குக் காட்ட விரும்பி, கூவிய திசைநோக்கி அம்பை விடுகிறான். இரு கோழிகளும் மடிகின்றன. தன் தந்தையையும் பாட்டியையும் கொன்றோம் என்பதை அவன் அப்போது அறியான்.

இங்கே பகை இல்லை. பலியிடும் எண்ணமும் இல்லை. இருந்தது திறமையைக் காட்டும் ஆசை ஒன்றே. அம்பு எங்கே போய் நிற்கும், அங்கே இருப்பது யார் என்று பார்க்கும் பொறுமை மட்டும் இல்லை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, பிரமாதம் எனப்படும் கவனமின்மையை முதற்காரணமாக வைத்ததன் பொருள் இக்காட்சியில் விளங்குகிறது. மாக்கோழி, உயிரின்றி எண்ணத்தால் விளைந்த குற்றம். யசோமதியின் அம்பு, எண்ணமின்றிக் கவனக்குறைவால் விளைந்த குற்றம்.

இந்த இரண்டாம் குற்றத்தைப் பொறுத்தவரை, அக்காட்டு வில்லாளரிடம் நாம் கற்றுக்கொள்ளத்தக்கது மிகுதி. இலக்கின் பின்னே மண்மேடோ தடுப்பு வலையோ இல்லாத இடத்தில் அவர்கள் இலக்கு வைப்பதில்லை. அம்பு தவறினால் எங்கே விழும் என்று அறியாமல் நாணை விடுவதில்லை. இலக்குக்குப் பின்னே போன அம்பைத் தேடும்போது, அடுத்த குழுவினர் அறியாமல் எய்துவிடாதபடி ஒருவர் இலக்கின் முன்னே நிற்கிறார். அல்லது வில்லை இலக்கின்மேல் சாய்த்து வைக்கின்றனர். ஈரியா சமிதி என்று நாம் ஏட்டில் படிக்கும் கவனமான நடைக்கு, அதன் பெயரையும் அறியாத அவர்கள் ஓர் எடுத்துக்காட்டாக நிற்கின்றனர்.

இந்த அளவுகோலைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தால் நெஞ்சு கனக்கிறது. தொழில் என்பதும் ஓர் அம்பே. பனியன் துணிக்கு நிறமேற்றுவது இலக்கு; இலக்கைத் தாண்டிச் செல்வது சாயநீர். பல ஆண்டுகள் அது நொய்யலில் விழுந்தது. பாசனத்துக்கென 1992இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. மீனும் தவளையும் நுண்ணுயிர்களும் எண்ணற்று மடிந்தன. கரையோர உழவர் தம் நிலத்தையும் கிணற்றையும் இழந்தனர். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்ட பின்னரே, கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறை கட்டாயமாக நிலைபெற்றது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீர் மீட்கப்பட்டு மீண்டும் சாயமிடப் பயன்படுகிறது. இதனைத் திருப்பூர் செய்து காட்டியது பெருமைக்குரியது. நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்த ஆண்டுகளில் எவரும் மீனைக் கொல்ல எண்ணவில்லை. கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்டோரும் அத்துணியை வாங்கினோம், விற்றோம், உடுத்தினோம். இரவு உண்ணாமல், நீரை வடிகட்டிக் குடித்து வந்தோர் வீட்டுத் துணியின் சாயநீர், வடிகட்டாமல் ஆற்றில் விழுந்தது. ஒலி கேட்ட திசையில் அம்பு விட்ட யசோமதிக்கும் நமக்கும் எத்துணை தொலைவு? உயிரற்ற மானின் முன் தயங்கிய கை நன்று. அக்கை கழிவுநீர்க் குழாயின் வாயிலிலும் தயங்க வேண்டும்.

நம் விடை

அவ்விளைஞருக்கு நாம் கூறிய விடை இதுவே. வில்லைக் கைவிட வேண்டுவதில்லை. மனத்தை ஒருமுகப்படுத்தவும் மூச்சை அடக்கவும் தோல்வியைப் பொறுக்கவும் அது கற்பிக்கிறது. மரங்களுக்கிடையே நடந்து எய்ய விரும்பினால், வட்ட இலக்கு வைக்கும் முறையைத் தேர்ந்துகொள்க. நம் பகுதியிலேயே நண்பர்களோடு பயில எண்ணினால், அதற்குரிய இடம் வேலி சூழ்ந்த சொந்தத் தோப்பு. மாவட்டத்தின் தெற்கிலுள்ள அமராவதி, உடுமலைக் காடுகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. சரணாலயத்துள் ஆயுதத்தோடு நுழைவதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதனை அறமும் தடுக்கிறது. விருந்தினராகச் சென்ற இடத்தில் விலங்குருவமே வைத்திருந்தால், அழைத்தவரை இகழாமல், ‘இதனை விட்டு அடுத்ததற்கு வருகிறேன்’ என்று இன்சொல்லால் விலகலாம். அவ்விலகலே கேட்போர்க்கு ஓர் அறவுரையாக அமையும். ஏற்கெனவே எய்த அம்பைக் குறித்து மனம் நோக வேண்டா; உறுத்திய நெஞ்சமே அதற்குப் பிரதிக்கிரமணம் செய்யத் தொடங்கிவிட்டது.

நம் தீர்த்தங்கரருள் இருபத்திரண்டாமவராகிய நேமிநாத பகவான், இளமையில் கண்ணபிரானின் படைக்கலக் கொட்டிலில் புகுந்து, பிறரால் இயலாத பெருவில்லை எளிதில் நாணேற்றினார் என்கின்றன நம் புராணங்கள். அதே நேமிநாதர் தம் திருமண ஊர்வலத்தில், விருந்துக்கென அடைக்கப்பட்ட மான் முதலிய விலங்குகளின் அழுகுரலைக் கேட்டுத் தேரைத் திருப்பினார். வில்லை வளைக்கும் வலிமையும், மானைக் கண்டு தேரைத் திருப்பும் அருளும் ஒருவரிடமே குடிகொண்டிருந்தன. அவற்றுள் முன்னதை நம் பிள்ளைகள் எந்தப் பயிற்சிக் களத்திலும் பெறலாம். பின்னதை அவர்களுக்குத் தர வேண்டியவர்கள் நாம்; இல்லத்திலும் தொழிற்கூடத்திலும் நாம் நடந்துகாட்டும் நடையினால் மட்டுமே அதனைத் தர இயலும்.

எவ்வுயிரும் நலம் பெறுக.